எங்கள் வளவின் அரிய விருந்தாளிகள்

எங்கள் வளவு அப்படியொன்றும் பெரியதல்ல. மாவனல்லையில், ஓர் ஒழுங்கையின் முடிவில், வீட்டோடு சேர்த்து மொத்தம் 30 பேர்ச். முன்னால் வெட்சியும் செவ்வரத்தையும். குசினியோரம் கறிவேப்பிலையும் தேசி மரமும். பின்னால் ஒரு பலா, இரண்டு கராம்பு, நான்கைந்து கமுகு, அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, ஓர் அன்னமுன்னா. எல்லையில் கிளிசரியா வேலி. எங்கள் ஊரில் யாருடைய வீட்டுக்குப் போனாலும் ஏறக்குறைய இதே மரங்களைத்தான் காணலாம். ஆனால் இந்த 30 பேர்ச்சுக்குள் கடந்த ஒன்றரை வருடங்களில் 41 வகை வண்ணத்துப்பூச்சிகளைப் படம் பிடித்திருக்கிறேன்.

இலங்கையில் ஏறத்தாழ 250 இன வண்ணத்துப்பூச்சிகள் உள்ளன. அவற்றுள் இருபதுக்கும் மேற்பட்டவை உலகில் வேறெந்த நாட்டிலும் இல்லாதவை. அப்படியானால் நாட்டிலுள்ளவற்றில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு எங்கள் வளவுக்கு வந்து போயிருக்கிறது. இதைச் சொன்னால் வகுப்புத் தோழியர் முதலில் நம்புவதில்லை. பிறகு, "எங்கட வீட்டுக்கு மட்டும் ஏன் வாறதில்ல?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

இந்தப் பழக்கம் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறுக்காகக் காத்திருந்த மாதங்களில் தொடங்கியது. நானா புதிய கையடக்கத் தொலைபேசி வாங்கியபோது பழையது என்னிடம் வந்தது. அதன் கண்ணாடியில் ஒரு மூலை வெடித்திருந்தாலும் கமெரா நன்றாக வேலை செய்தது. அதைக் கொண்டு நான் எடுத்த முதல் படங்கள் வெட்சிப் பூக்களில் தேன் குடிக்க வந்தவை. பெயர் தெரியாது. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், வண்ணத்துப்பூச்சி.

வண்ணத்துப்பூச்சியைப் படம் பிடிப்பதற்கு விலை கூடிய கமெரா தேவையில்லை, பொறுமை வேண்டும். அதன் உடல் தானாகச் சூடாவதில்லை. வெயிலில்தான் சூடேற வேண்டும். ஆகவே காலை ஏழரை மணியளவில், கமுக மரங்களுக்கிடையே முதல் வெயில் விழும் இலைகளில் அவை செட்டையை விரித்தபடி அமர்ந்திருக்கும். அந்த அரை மணித்தியாலம்தான் மிக நல்ல நேரம். ஒன்பது மணிக்குப் பிறகு அவற்றின் பின்னால் ஓடுவது வீண்வேலை. கிட்ட நெருங்கும்போது நமது நிழல் அதன் மேல் விழக் கூடாது. நேராக நடக்காமல் பக்கவாட்டில், ஒவ்வோர் அடியாக வைக்க வேண்டும். முதலில் தூரத்தில் நின்று ஒரு படம், இரண்டடி நெருங்கி இன்னொரு படம். பறந்து போனாலும் ஒரு படமாவது கையில் மிஞ்சும்.

இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். செட்டையின் மேற்பக்கம் மட்டும் போதாது. அடிப்பக்கத்தையும் உடலையும் எடுக்க வேண்டும். படத்தோடு திகதி, நேரம், எந்தப் பூவில் அல்லது எந்த இலையில் இருந்தது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். உயிரியல் ஆசிரியை சொல்லித் தந்த பழக்கம் இது. "படம் நினைவுக்கு, குறிப்பு அறிவுக்கு" என்பார் அவர். அந்தக் கடைசி நிரல், அதாவது எந்த இலையில் இருந்தது என்பது, எனக்கு ஒரு புதிய வாசலைத் திறந்தது.

குசினிக்குப் பக்கத்திலுள்ள கறிவேப்பிலை மரத்துக்கு ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சி அடிக்கடி வரும். அதன் பின் செட்டையில் வெள்ளைப் புள்ளிகள் ஒரு வரிசையாக இருக்கும். கொமன் மோர்மன் என்பது அதன் பெயர். ஒருநாள் அதே மரத்தில் முற்றிலும் வேறான ஒன்று வந்து இலையிலே முட்டையிட்டது. கறுப்புச் செட்டையில் கடும் சிவப்புப் புள்ளிகளும் வெள்ளைப் பட்டைகளும். பார்த்தால் கிரிம்சன் றோஸ் என்ற இனம் போலவே இருந்தது. ஆனால் கிரிம்சன் றோஸ் கறிவேப்பிலையில் முட்டையிடுவதில்லை. அதன் குடம்பி அந்த இலையை உண்ணாது. அப்படியானால் வந்தது யார்?

எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிரிம்சன் றோஸின் தலையும் உடலும் சிவப்பாக இருக்கும். என் படத்தில் இருந்ததன் உடல் கறுப்பு. ஆசிரியையிடம் காட்டியபோது அவர் சிரித்துக்கொண்டே, "இவவும் மோர்மன்தான், உடுப்பை மாத்திக்கொண்டு வந்திருக்கா" என்றார்.

அதன் கதை இதுதான். கிரிம்சன் றோஸும் அதன் உறவான கொமன் றோஸும் குடம்பிப் பருவத்தில் ஒரு நச்சுக் கொடியின் இலையை உண்டு வளர்பவை. அந்த நஞ்சு அவற்றின் உடலில் தங்கிவிடுவதால் பறவைகள் அவற்றை உண்ண விரும்புவதில்லை. சிவப்பு நிறம் "என்னைத் தொடாதே" என்ற அறிவித்தல். கொமன் மோர்மனிடம் நஞ்சு கிடையாது. ஆனால் அதன் பெண்களில் ஒரு பகுதி கொமன் றோஸ் போலவும், இன்னொரு பகுதி கிரிம்சன் றோஸ் போலவும், மற்றொரு பகுதி ஆணைப் போலவும் பிறக்கின்றன. ஒரே தாயின் பிள்ளைகளே வெவ்வேறு உடையில்! இந்த விந்தையை அல்பிரட் றஸல் வொலஸ் என்ற அறிஞர் 1865ஆம் ஆண்டிலேயே விவரித்து எழுதினார். இத்தனை மாற்றத்தையும் ஒரேயொரு பரம்பரையலகுதான் கட்டுப்படுத்துகிறது என்பதை 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதை வாசித்த இரவு, சுப்ஹானல்லாஹ் என்று சொல்வதைத் தவிர வேறு வார்த்தை எனக்கு வரவில்லை. பரம்பரையலகைப் பாடப்புத்தகத்தில் படிப்பதும், அது நமது கறிவேப்பிலையில் வந்து உட்கார்வதைக் காண்பதும் ஒன்றல்ல.

இனி அந்த நச்சுக் கொடி. அது வேறெங்கும் இல்லை, எங்கள் வேலியிலேயே இருந்தது. பின்புறக் கிளிசரியா மரங்களில் ஒரு மெல்லிய கொடி நீண்ட காலமாகப் படர்ந்திருந்தது. அதன் பெயரை எனக்குச் சொன்னவர் வாப்பும்மாதான். "இது சப்சந்த, மகள். அந்தக் காலத்தில பாம்பு கடிச்சா வெதமாத்தயா இதத்தான் தேடிக்கொண்டு வருவார்" என்றார். தமிழில் இதனை ஈஸ்வரமூலி என்பார்கள். (இதிலுள்ள நச்சுப்பொருள் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது என்பது இன்று அறியப்பட்ட உண்மை. எனவே யாரும் வீட்டில் மருந்தாக எடுத்துவிட வேண்டாம்.)

அந்தக் கொடியின் இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பது என் சனிக்கிழமை வேலையாயிற்று. முட்டைகள், உடலெங்கும் முள் போன்ற மென்மையான மொட்டுக்கள் கொண்ட கருஞ்சிவப்புக் குடம்பிகள், காய்ந்த இலை போலத் தொங்கும் கூட்டுப்புழுக்கள் எல்லாம் அங்கே இருந்தன. அவற்றுள் ஒரு குடம்பி மற்றவற்றைவிட மிகப் பருமனாக, நடு உடலில் சாய்வான ஒரு வெளிறிய பட்டையுடன் இருந்தது. அதன் படத்துக்குக் கீழே "பெரிய ஆள், யார்?" என்று மட்டும் எழுதி வைத்தேன்.

விடை சில வாரங்களில் தானாகவே வந்தது. ஒரு காலை வெட்சிப் பூக்களுக்கு மேலே ஏதோ ஒரு சிறு பறவை தத்தளிப்பது போல இருந்தது. முன் செட்டைகள் வெல்வெட் போன்ற கறுப்பு. பின் செட்டைகள் வெயில் பட்டதும் பொன்னாக ஒளிர்ந்த மஞ்சள். பூவில் அமர்ந்தும் அமராமலும், செட்டையை அடித்தபடியே தேன் குடித்தது. ஒன்பது படங்கள் எடுத்தேன். ஏழு தெளிவில்லை. மற்ற இரண்டும் போதுமானவை. அதுதான் இலங்கை பேர்ட்விங். நம் நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சி. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது. இங்குள்ள வண்ணத்துப்பூச்சிகளில் மிகப் பெரியதும் அதுவே. விரித்த செட்டையின் அகலம் 15 சென்ரிமீற்றருக்கும் அதிகம். பேர்ட்விங் இனங்களை நாடுவிட்டு நாடு விற்பதை சைட்டஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. அப்படிப்பட்ட ஒன்று எங்கள் வெட்சியில்! அதன் குடம்பியும் உண்பது சப்சந்த இலையைத்தான். வேலியில் அந்தக் கொடி இல்லையென்றால் முட்டையிடுவதற்காக எங்கள் வளவைத் தேடி வர அதற்குக் காரணமே இல்லை.

அன்றுதான் எனக்கு ஒரு விடயம் தெளிவாகியது. வண்ணத்துப்பூச்சி பூவுக்காக வருகிறது என்று நாம் நினைக்கிறோம். பூவுக்கு அது விருந்தாளியாக வரும், குடித்துவிட்டுப் போய்விடும். இலைக்குத்தான் அது தாயாக வருகிறது. கறிவேப்பிலைக்கும் தேசிக்கும் மோர்மன், அன்னமுன்னாவுக்கு பச்சைப் புள்ளிகளுள்ள டெயில்ட் ஜே, சப்சந்தவுக்கு பேர்ட்விங்கும் இரண்டு றோஸ்களும். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இலை. நாம் "அரிதானது" என்று சொல்லும் பல வண்ணத்துப்பூச்சிகளுக்கு உண்மையில் அரிதாகிப் போனது அவற்றின் இலைதான்.

இந்தப் பாடம் எனக்கு இலகுவாக இருந்தது. உம்மாவுக்கு அது அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை.

கடந்த வருடம் ஜூன் மாத மழையில் என் தம்பிக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. அவனுக்கு ஒன்பது வயது. ஆறு நாட்கள் வைத்தியசாலையில். குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கை ஒவ்வொரு நாளும் இறங்கிக்கொண்டே வந்தது. உம்மா கதிரையிலேயே உறங்கி, கதிரையிலேயே தொழுதார். வீட்டில் வாப்பா சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து எழுந்து போவார். அல்ஹம்துலில்லாஹ், தம்பி சுகமாகி வீட்டுக்கு வந்தான். வந்த அன்று மாலையே உம்மா பின்வாசலில் நின்று வளவைப் பார்த்தார்.

"நாளைக்கு ஆளைக் கூப்பிட்டு இந்தப் பத்தையெல்லாம் வெட்டிப் போட வேணும். வேலியோட சேத்து. ஒன்றுமே மிச்சம் வைக்க வேணாம்."

"உம்மா, அந்தக் கொடி மட்டும்..."

"மகள், எனக்கு என்ட புள்ளதான் முக்கியம்."

அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? ஒரு வண்ணத்துப்பூச்சிக்காக ஒரு தாயின் பயத்தோடு வாதாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2017இல் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவாகியிருக்கிறது. அந்தப் பயம் வெறும் பயமல்ல. நுளம்புகள் பகலில் நிழலான பத்தைகளில் ஓய்வெடுக்கும் என்பதும் உண்மைதான்.

வெட்டுவதற்கு ஆள் வருமுன்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். நானும் உம்மாவும் அவருடன் வளவைச் சுற்றினோம். அவர் பத்தைகளை விலக்கிப் பார்த்தார். ஆனால் அவர் தேடியது இலையை அல்ல, இலைக்குக் கீழே கிடந்த சிரட்டையை. பூச்சாடித் தட்டு, வாளி, தார்ப்பாய் மடிப்பு, வெட்டிய மூங்கில் அடி, குளிர்சாதனப் பெட்டியின் பின்னாலுள்ள தண்ணீர்த் தட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைசியில் ஏணி வைத்துக் கூரைப் பீலியைப் பார்த்தார். பலா இலை அடைத்துத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில்தான் குடம்பிகள் நெளிந்தன. வேலியில் ஒன்றுமில்லை.

"முட்டையிலிருந்து நுளம்பாவதற்கு ஒரு கிழமைக்குக் கொஞ்சம் கூட. கிழமைக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டிவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கொப்பியையும் போனையும் எடுத்துக்கொண்டு உம்மாவிடம் போனேன். வாதாடப் போகவில்லை, காட்டப் போனேன். குடம்பி, கூட்டுப்புழு, வெட்சியில் பேர்ட்விங். உம்மா ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். "இது நம்மட வேலியிலயா?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. வாப்பாதான் ஒரு வழி சொன்னார். ஜன்னல்களைச் சுற்றிப் பத்தடிக்கு ஒன்றும் இருக்கக் கூடாது. பத்தைகளைக் காற்றுப் போகும்படி மெலிதாக்க வேண்டும். வேலியும் கொடியும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வளவு முழுவதையும் சுற்றிப் பார்ப்பது என் பொறுப்பு. உம்மா வாப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு கிழமை தவறினாலும் வெட்டிப் போடுவன்" என்றார்.

இதுவரை ஒரு கிழமையும் தவறவில்லை. வெள்ளி காலையில் தம்பியும் நானும் ஒரு சாக்குடன் இறங்குவோம். சிரட்டை, யோகட் கோப்பை, ஒடிந்த வாளி எல்லாம் சாக்குக்குள். மாதத்துக்கு இருமுறை நானா பீலியைத் துப்பரவு செய்வார். முன்பிருந்ததைவிட எங்கள் வளவு இப்போது எவ்வளவோ சுத்தம். சுத்தமான வளவு வேறு, வெறுமையான வளவு வேறு என்பதை வீட்டில் எல்லாரும் கண்டுகொண்டோம்.

இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். வெட்டிய பத்தடிக்குள் குசினி ஜன்னலுக்குக் கீழே தரையோடு படர்ந்திருந்த பருப்புக்கீரையும் போய்விட்டது. டனைட் எக்பிளை என்ற வண்ணத்துப்பூச்சியின் குடம்பிக்கு அதுதான் உணவு. அதன் ஆண் கறுப்பு. பெரிய வெள்ளைப் புள்ளிகளைச் சுற்றி ஊதா நீலம் மினுங்கும். பெண்ணோ, பறவைகள் தீண்டாத பிளெய்ன் டைகர் என்ற செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் வேடத்தில் வரும். அந்தச் சோடியை இரண்டு முறை மட்டுமே படம் பிடித்திருக்கிறேன். வெட்டிய பிறகு அவை வரவில்லை. இப்போது உடுப்புக் காயப்போடும் கம்பிக்கு அருகே ஒரு பழைய பூச்சாடியில், தட்டில்லாமல், பருப்புக்கீரையை நட்டு வைத்திருக்கிறேன். கொப்பியில் அதற்காக ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது.

வேலிக்கும் நிரந்தர உத்தரவாதம் இல்லை. அந்த இடத்தில் மதில் கட்டும் எண்ணம் வாப்பாவுக்கு உண்டு. சீமெந்து விலைதான் இதுவரை கொடியைக் காப்பாற்றியிருக்கிறது என்று நானா பகிடி பண்ணுவார். ஆனால் சப்சந்தக் காய் முற்றி வெடிக்கும்போது ஒரு சிறு கூடை போலத் தொங்கும். அதனுள்ளே மெல்லிய விதைகள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றைச் சேர்த்து மூன்று தோழியரின் வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு வீடுகளில் முளைத்திருக்கின்றன. எங்கள் வேலி போனாலும் பேர்ட்விங்குக்குப் போக இடமிருக்க வேண்டும்.

தோழியரின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் வளவுக்கும் அவை வரும். பூச்செடி வாங்குவதற்கு முன் இருக்கும் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். கறிவேப்பிலையில் குடம்பியைக் கண்டால், உங்கள் உம்மா அனுமதித்தால், ஒரு கிளையை அதற்கு விட்டுக்கொடுங்கள். பெயர் தெரியாத கொடியை வெட்டுமுன் வீட்டிலுள்ள மூத்தவரிடம் பெயரைக் கேளுங்கள். ஒரு பழைய போனும் ஒரு கொப்பியும் போதும். வெள்ளிக்கிழமைச் சாக்கை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

உயர்தரப் பரீட்சை நெருங்குவதால் இப்போதெல்லாம் காலையில் வளவுக்குப் போக எனக்கு நேரம் கிடைப்பது குறைவு. மேசையில் இரசாயனவியல் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது முன்வாசலிலிருந்து உம்மாவின் குரல் கேட்கும். மெதுவாகத்தான் கூப்பிடுவார், அது பறந்துவிடக் கூடாதென்று.

"மகள், போனை எடுத்துக்கொண்டு வாங்க. உங்கட பெரிய ஆள் வந்திருக்கு."